உரச்செடிக் கோப்பி

களைச் செடிகளைப் பற்றி ஒரு கைநூல் தயாரிக்கிறார்களாம். நான் வேலை செய்த விவசாய நிலையத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். "மிஸ், ஒரு செடியின்ரை விவரணம் அனுப்புறம், பிழை இருந்தால் திருத்தித் தாங்கோ" என்றாள் ஒருத்தி. "இப்ப கஷ்டமே இல்லை மிஸ், போனைச் செடிக்கு நேரை பிடிச்சால் பேர் வந்திடும்" என்று சிரிக்கவும் செய்தாள்.

விவரணம் வந்தது. படமும் வந்தது. காம்பு ஒன்றில் மூன்று சிற்றிலை, நீண்ட கதிரில் மஞ்சள் பூ, கதிரின் கீழ்ப்பாதியில் தலைகீழாகத் தொங்கும் காய்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு கிலுகிலுப்பைச் செடி. அடியில் ஒரு வரி: 'பயன்: பசுந்தாள் உரத்துக்கு மிக நல்ல செடி.'

'நல்ல செடி' என்பதை வாசித்ததும் கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன். ஓய்வுபெற்று எத்தனையோ காலமாகிவிட்டது, இன்னும் அந்தச் சொல் என்னை உலுப்புகிறது. திருத்தம் பிறகு அனுப்புகிறேன் பிள்ளைகளே, முதலில் இதை வாசியுங்கள். நீளுகிறதென்று அலுக்காதீர்கள். நான் கதைக்கத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டேன் என்பது என்னோடு வேலை செய்த எல்லாருக்கும் தெரியும்.

நான் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தது எண்பத்து மூன்றில். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போக வேண்டியவள். அந்த ஆண்டு யூலையில் அங்கே தமிழருக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். மானிப்பாய் வீட்டில் அம்மா பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டா. அதனால் என் பயிற்சி முழுவதும் நிலையத்திலேயே, அருளம்பலம் ஐயாவின் மேசைக்கு முன்னால்தான் நடந்தது.

ஐயா எங்கள் தாவரவியல் அதிகாரி. அரியாலையிலிருந்து சைக்கிளில் வருவார். மெலிந்த ஆள், வெள்ளைச் சேட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு கைவில்லை, சின்னப் பூதக்கண்ணாடி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் முன்னால் ஒரு செடியை விவரிப்பது சாமானியமான காரியமில்லை. பிடுங்கக்கூடாது, மண்ணோடு கிண்டி எடுக்க வேண்டும். வாளித் தண்ணீரில் அலசி, வேரிலிருக்கும் முடிச்சை நகத்தால் பிளந்து, உள்ளே சிவப்பா வெளிறலா என்று பார்க்க வேண்டும். பிறகு தண்டு, அது உருண்டையா, வரி ஓடியதா. பிறகு இலை. நுனிக் கொழுந்தும் கூடாது, அடிப் பழுத்தலும் கூடாது, நடுவில் எடுக்க வேண்டும். இலைக்காம்பின் அடியிலிருக்கும் செதில் பொடிசாக இருந்தாலும் விடக்கூடாது. பூவை அவிழ்த்து, கொடியிதழ், சிறகிதழ், படகிதழ் என்று கறுப்புக் கடதாசியில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். பிறகு காய், விதை. எல்லாம் முடிந்த பிறகுதான் செடியின் பெயர்.

"பேரை முதலிலை எழுதினால், மிச்சமெல்லாம் அந்தப் பேருக்குத் தக்கதாத்தான் கண்ணுக்குத் தெரியும், பிள்ளை" என்பார்.

ஒருமுறை 'அழகான மஞ்சள் பூ' என்று எழுதிவிட்டேன். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "அழகு எத்தினை மில்லிமீற்றர்?" எனக்கு மூக்கு நுனி வரை கோபம். பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்றைக்கும் ஒரு செடியைக் கண்டால் என் வாயில் 'அழகு' என்று வராது.

அந்த மூவிலைக் கிலுகிலுப்பையைக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஐயாதான். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, அப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எண்பதுகளின் நடுவில், தெற்கே ஒரு கருத்தரங்குக்குப் போனவர் சேட்டுப் பையில் ஒரு பிடி விதையோடு வந்தார். நீர்வேலித் தோட்டங்களில் வாழை, மிளகாய், தக்காளி எல்லாவற்றின் வேரும் முடிச்சு விழுந்து அழிந்துகொண்டிருந்த காலம். கண்ணுக்குத் தெரியாத ஒரு புழுவின் வேலை அது. இந்தச் செடியை விதைத்து, பூக்கும் பருவத்தில் வெட்டிப் புதைத்தால் புழு குறையும், மண்ணுக்கும் உரம். ஐயா தானே மண்வெட்டி பிடித்துப் புதைத்துக் காட்டினார். அடுத்த போகத்தில் வாழைகள் தளதளவென்று நின்றன. கமக்காரர் கூட்டம் எங்கே நடந்தாலும் ஐயா அந்தச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது நல்ல செடி" என்று சொல்வார். அளந்து பேசுகிற மனிதர், அந்த ஒரு செடிக்கு மட்டும் அளவில்லாமல் ஒரு சொல் கொடுத்தார்.

செடியும் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. காய் வெடித்து விதை சிதறி, வேலியோரம், ஒழுங்கை, வெறுங்காணி என்று தன்பாட்டில் முளைத்துப் பரவியது. ஆடுகள் அதை வாயால் தொடவில்லை. "ஆடு தின்னாத செடி, எங்களுக்கு நல்லதாப் போச்சு" என்று தோட்டக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் நிலையத்திலும் அதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினோம். அட கடவுளே! கண் முன்னால் ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது, படித்த கூட்டம் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறது!

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, யூரியா என்றால் வாயால் சொல்லவும் ஏலாது. இந்தச் செடிக்குத் தனி மவுசு வந்தது. தோட்டக்காரர் அதற்கு 'உரச்செடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதே காலத்தில்தான் குருநகர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடும்பங்கள் ஷெல்லடி தாங்காமல் ஊரைவிட்டு எழும்பி உள்ளே வந்தன. நீர்வேலிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் முகாமாகியது. வகுப்பறைக்கு வகுப்பறை சீலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தார்கள். கடலுக்குப் போகத் தடை. கடலில் ராசா மாதிரி இருந்த மனிதர்கள் மற்றவர்களின் வாழைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிட்டுக் கூலி வாங்கினார்கள்.

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டர் சைக்கிளில் எங்கள் நிலையத்துக்கே வந்து இறங்கினார். இளைஞர்தான், ஆனால் முகம் நித்திரையில்லாமல் கிழடு தட்டியிருந்தது. கையில் ஒரு ஜாம் போத்தலில் கறுத்த தூள்.

"ஐயா, அந்தப் பள்ளிக்கூட முகாமிலையிருந்து பிள்ளையள் வருதுகள். வயிறு பானை மாதிரி ஊதி, உள்ளுக்கு ஈரல் வீங்கி. பசி நோய் எண்டுதான் நானும் முதல் நினைச்சன். ஆனால் பசி எல்லா முகாமிலையும் இருக்கு. இது அந்த ஒரு முகாமிலைதான்" என்றார். "அங்கை றீற்றா எண்டு ஒரு மனிசி. கோப்பி வறுத்து இடிச்சு எல்லாருக்கும் காய்ச்சிக் குடுக்கிறவ. வருத்தம் வந்த பிள்ளையள் எல்லாம் அதைக் குடிச்சதுகள். அவவின்ரை மகளும் என்ரை வாட்டிலைதான் கிடக்குது. நஞ்சு கலந்து குடுத்திட்டாள் எண்டு சனம் கொதிச்சுப்போய் நிக்குது, இண்டைக்கு அவவை முகாமை விட்டுக் கலைக்கப்போகினமாம். உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு சொல்லேலுமோ?"

ஐயா தூளை மோந்து பார்த்தார். "வறுத்து இடிச்ச பிறகு எனக்கு ஒண்டும் தெரியாது, டொக்டர். வறுக்காத விதை வேணும்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் போனேன்.

முகாம் விறாந்தையில் அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார் இருந்தார். படகும் வலையும் வைத்து ஊரில் தொழில் நடத்தியவர், முகாமிலும் அவர் சொல்தான் நடக்கும். எங்களைக் கண்டதும் எழும்பினார்.

"உவள் என்னத்தையோ கலந்துபோட்டாள் ஐயா. பின்னேரம் எல்லாரும் கூடுறம். உவள் இனி இந்தக் கூரைக்குக் கீழை இருக்கேலாது."

"அவவின்ரை பிள்ளைக்கும்தானே வருத்தம்?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"அதுதான் தங்கச்சி எங்களுக்கும் விளங்கேல்லை. விளங்காதபடியால்தான் பயமாக் கிடக்கு."

றீற்றாவுக்கு முப்பது வயதிருக்கும். நான் ஒரு கொலைகாரியை எதிர்பார்த்துப் போனவள் மாதிரி, அவளைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். அழுது முகம் வீங்கி, மகளின் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கேட்டதும் மறுபேச்சின்றி எழும்பி, பள்ளிக்கூட வாங்குக்குக் கீழிருந்து ஒரு தகரப் பேணியை இழுத்துக் கொடுத்தாள். பேணி நிறைய மினுங்கும் மண்ணிற விதை.

"தகரை விதையோ தங்கச்சி?" என்றார் ஐயா.

"இல்லை ஐயா. ஊரிலை எங்கடை அம்மா தகரை விதையிலைதான் கோப்பி வறுக்கிறவ. இஞ்சை வந்து தேடினன், காணேல்லை. இது உரச்செடி."

ஐயாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து பேணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆர் சொன்னது இதை வறுக்கலாம் எண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. தோட்டக்காரப் பெண்டுகளிட்டைக் கேட்டன், இது என்ன செடி எண்டு. விவசாய டிப்பாட்மென்ற் குடுத்த செடி, நல்ல செடி எண்டு சொன்னவை. அதாலை பயப்பிடேல்லை. காய் முத்தினால் கிலுகிலுக்கும், பிள்ளையள் ஆட்டிப் பாத்துச் சத்தம் வாறதை முறிச்சுக்கொண்டு வருங்கள்." அவள் மூக்கைத் துடைத்தாள். "பால்மா இல்லை. அதுகள் காலமை வெறும் வயித்தோடை. பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு சூடா ஒரு வாய் குடிச்சால் அடங்கியிருக்குங்கள். கடலிலை எண்டால் பேத்தை மீனைத் தொட்டுப் பாக்காமலே எறிவன் ஐயா, அது நஞ்செண்டு எனக்குத் தெரியும். கரையிலை எனக்கு என்ன தெரியும்?"

ஐயா பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "காய் ஆஞ்ச இடத்தைக் காட்டும்" என்றார்.

பள்ளிக்கூடத்தின் பின்வேலி. அங்கே இரண்டு வகைக் கிலுகிலுப்பை நின்றன. ஒன்று எங்கள் ஊரில் எப்போதும் நிற்பது, ஒற்றை இலை, இலை நுனி மழுங்கி உள்வாங்கியிருக்கும். மற்றது, ஆளுயரத்துக்கு வளர்ந்த மூவிலை. பேர் சொல்ல எனக்கு இவ்வளவும் போதும். ஆனால் ஐயா வேலியடியில் குந்தி, ஒரு தடியால் மூவிலைச் செடியின் அடியைக் கிண்டத் தொடங்கினார். வேரை எடுத்தார். முடிச்சைப் பிளந்தார். உள்ளே நல்ல சிவப்பு. தண்டை விரலால் உருட்டி வரிகளைப் பார்த்தார். நடு இலையைக் கிள்ளிச் சிற்றிலைகளை விரித்தார். பூவை அவிழ்த்து மஞ்சள் கொடியிதழில் ஓடிய செம்மண்ணிறக் கோடுகளை வில்லையால் பார்த்தார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னார், என்னை எழுதச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே பிள்ளைகள் வயிறு ஊதிக் கிடக்கிறார்கள், இங்கே ஒரு பெண்ணைக் கலைக்கப்போகிறார்கள், இந்த மனிதர் பூ அவிழ்க்கிறார்!

"என்ன விசர்வேலை ஐயா இது? தெரிஞ்ச செடிதானே!" என்று கத்தியே விட்டேன். அதிகாரியிடம் அப்படிப் பேசியது அதுதான் முதலும் கடைசியும்.

அவர் கோபிக்கவில்லை. "எழுதும் பிள்ளை" என்றார். பிறகு ஒற்றை இலைச் செடிக்குப் போய் அதையும் வேரிலிருந்து தொடங்கினார். அதன் காயைப் பிளந்து விதையை உள்ளங்கையில் எடுத்தார், பேணி விதையைப் பக்கத்தில் வைத்தார், வில்லையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். திரும்பவும் பார்த்தார். பேணியின் அடியைத் துழாவி ஒரு காய்த்துண்டை எடுத்தார். அதை உடனே பார்க்காமல் கைக்குள் பொத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பேணிக்குள் இருப்பது ஊர்க் கிலுகிலுப்பையாக இருக்கவேண்டும் என்று மனிதர் மன்றாடிக்கொண்டிருந்தார். அதுவும் நஞ்சுதான். ஆனால் அது அவர் கொண்டுவந்ததல்ல.

காய்த்துண்டு மெலிந்து, நீண்டு, முதுகில் ஒரு பள்ளம் ஓடியிருந்தது. ஊர்ச்செடியின் காய் உப்பிப் பருத்திருக்கும். இனி ஐமிச்சம் இல்லை, மூவிலைதான்.

"பேர் என்ன போட ஐயா?" என்று கேட்டேன், பேனையைப் பிடித்துக்கொண்டு.

"உமக்குத் தெரியுந்தானே" என்றார்.

டொக்டருக்குச் சொல்ல ஆளனுப்பினோம். என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். விதை நஞ்சு, அறியாமல் நடந்தது, அவளைக் கலைக்காதீர்கள் என்று சம்மாட்டியாரிடம் ஐயா இரண்டு வார்த்தை சொல்லுவார், நாங்கள் பொழுதுபட முன் வீடு போய்ச் சேர்வோம். ஐயா சம்மாட்டியாரிடம் போகவில்லை. பின்னேரம் சனம் கூடும்வரை ஒரு வாங்கில் தனியே இருந்தார்.

கூடினார்கள். றீற்றாவைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். சம்மாட்டியார் பேச வாயெடுக்க முதல், ஐயா எழுந்து நடுவில் போய் நின்றார்.

"அந்தப் பிள்ளை ஒண்டும் கலக்கேல்லை. விதைதான் நஞ்சு. உந்தச் செடி இந்த ஊர்ச்செடி இல்லை. நான் கொண்டுவந்தனான். நல்ல செடி எண்டு ஊர் ஊராச் சொல்லித் திரிஞ்சதும் நான்தான். ஆடு தின்னேல்லை எண்டும் எனக்குத் தெரியும். ஏன் தின்னேல்லை எண்டு நான் பாக்கேல்லை."

ஐயோ, ஆர் கேட்டது உங்களை? இவ்வளவையும் ஏன் கொட்டுகிறீர்கள்? டிப்பாட்மென்ற் ஆள் ஒருவர் தன் வாயால் தன் பிழையைச் சனத்துக்கு முன்னால் சொன்னதை நான் அன்றைக்குத்தான் கண்டேன், அதற்குப் பிறகு என் சர்வீசில் காணவேயில்லை. அடிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பின்னால் ஒரு ஆள் கேட்டான்: "அப்ப ஐயா, எங்களைக் கொல்ல ஷெல் போதாதெண்டோ நீங்களும் விதைச்சனீங்கள்?"

சம்மாட்டியார் கையை உயர்த்திச் சனத்தை அடக்கினார். பிறகு, "றீற்றா இஞ்சையே இருக்கட்டும். ஒருத்தரும் இனி அவளோடை உதைப்பற்றிக் கதைக்கப்படாது" என்று சொல்லி எழும்பிவிட்டார். சனம் கலைந்தது. பெண் தப்பிவிட்டாள் என்று ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். என்னைத் தாண்டி ஐயாவிடம் போனாள்.

"விதை உங்கடையா இருக்கலாம். ஊத்திக் குடுத்தது என்ரை கை. அவள் வேண்டாம் கைக்குது எண்டவள். நான்தான் பிடிச்சுப் பருக்கினனான். அதை ஆர் ஐயா மாத்திறது?"

கலைக்கப்படுவதைப் பற்றித்தான் இந்தப் பெண் இவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருந்தாள் என்றல்லவா நாங்கள் எல்லாரும் நினைத்தோம்!

அடுத்த நாள் தொடக்கம் ஐயா நீர்வேலி ஒழுங்கைகளில் அந்தச் செடியைப் பிடுங்கத் தொடங்கினார். தோட்டக்காரர் சண்டைக்கு வந்தார்கள். "யூரியாவும் இல்லை, உதையும் பிடுங்கினால் நாங்கள் என்னத்தைப் போடுறது? நீங்கள்தானே ஐயா தந்தனீங்கள்!" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழை இல்லை. அவர் பிடுங்கிக்கொண்டே போனார். நானும் கூடப் பிடுங்கினேன், கை தோலுரிந்தது. கோப்பி நின்றதும் மற்றப் பிள்ளைகளின் வயிறு மெல்ல மெல்ல வற்றியது. டொக்டர் சைக்கிளில் போகும்போது தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார், நல்ல செய்தி என்று.

ஜெசிந்தாவுக்கு மட்டும் வற்றவில்லை. றீற்றாவின் மகள், ஆறு வயது. தாயின் அடுப்படியிலேயே இருந்ததால் மற்றவர்களைவிட அதிகம் குடித்தவள். ஒரு காலை டொக்டர் கையைத் தூக்காமல் போனார்.

குருநகரிலிருக்கும் தங்கள் சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல், உள்ளூர்க் கத்தோலிக்கக் கோயில் வளவில் அடக்கம் செய்தார்கள். எங்கள் சைவக் குடும்பங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஒரு குழி வெட்டியிருப்பதை நான் கிட்ட நின்று பார்த்தது அன்றுதான். அவ்வளவு சின்னக் குழியாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாருக்கும் பின்னால், மதிலோடு ஒட்டி நின்றார். வரவேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

சுவாமியார் செபம் முடித்தார். பெட்டியை இறக்கினார்கள். தாய் முதலில் ஒரு பிடி மண் போடவேண்டும். சம்மாட்டியார் மண்ணை எடுத்து றீற்றாவின் கையில் கொடுத்தார். அவள் போடவில்லை. மண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். சனம் விலகி வழிவிட்டது. நேரே மதிலடிக்குப் போய் ஐயாவின் வலக்கையைப் பிடித்து விரித்தாள். கையிலிருந்த மண்ணில் பாதியை அதில் கொட்டினாள்.

"வாங்கோ ஐயா" என்றாள். "ரெண்டு பேருமாப் போடுவம்."